ஏலம்போன கிறிஸ்டல்

சிதறாலுக்கு மேற்கே ஒரு சின்ன சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நோயாளிகளுக்காகவும், வெளிநாட்டில் வேலை தேடுகிறவர்களுக்காகவும், பிள்ளையில்லாத தம்பதிகளுக்காகவும் ஜெபித்து முடித்த பிறகு உபதேசியார் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, "நம்முடைய மகள் ஆன்ஸ்லின் வளர்க்கிற கிறிஸ்டலுக்காகவும் ஜெபிப்போம்" என்பார். சபை உடனே கண்ணை மூடிக்கொள்ளும்.

கிறிஸ்டல் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெளிவாகத் தெரியாது. பாதிப்பேர் அது கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற ஏதோ மீன் என்றே நினைத்திருந்தார்கள். ஒரு அம்மாள் கோயில் முற்றத்தில் ஆன்ஸ்லினைப் பிடித்து நிறுத்தி, "இப்ப என்ன தண்டி இருக்கு பிள்ளே? குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்டாள். ஆன்ஸ்லின் சிரித்துவிட்டு, கடுகு அளவு இருக்கிறது என்றாள். "பைய வளரட்டு, அவசரப்படுத்தாத" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள் அந்த அம்மாள்.

ஜெப விண்ணப்பம் கொடுத்தது ஆன்ஸ்லினின் அம்மா ராஜபாய். புருஷன் நெஞ்சுவலியில் போனதிலிருந்து ஊரார் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டி மகளைப் படிக்க வைத்தவள். மகளும் படிப்பில் மோசமில்லை. எம்.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வகுப்பு. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆராய்ச்சித் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அந்தப் பட்டம் கிடைத்தால் சபை நடத்துகிற கல்லூரி ஒன்றில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் காலமெல்லாம் தனியார் பள்ளிக்கூடம், டியூஷன், யாராவது பிரசவ விடுப்பில் போனால் அந்த இடத்துக்கு ஆறு மாதம். அவளோடு கூடப் படித்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் பீக்கருக்குத் தாள் கட்டிக்கொண்டிருந்தாள்.

இயற்பியல் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு நட்சத்திரமும் அணுகுண்டும்தான் ஞாபகம் வரும். அந்தத் துறையில் இயற்பியல் என்பது பீக்கர். கிளைசின் என்று சீனிபோல வெள்ளையாக ஒரு பொடி உண்டு, நாக்கில் வைத்தால் கொஞ்சம் இனிக்கவும் செய்யும். அதையும் ஒரு உப்பையும் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பீக்கரின் வாயைத் தாளால் மூடி, தாளில் ஊசியால் துளை போட்டு, ஆடாமல் அசையாமல் வைத்துவிட வேண்டும். தண்ணீர் பையப் பைய ஆவியாகும். அடியில் கிறிஸ்டல் வளரும். ஆளுக்கு ஒரு உப்பு. முன்னால் வந்தவர்களில் ஒருத்திக்கு சோடியம், ஒருத்தனுக்குப் பொட்டாசியம், ஆன்ஸ்லினுக்கு லித்தியம். புது உப்பு சேர்ந்தால் புதுக் கிறிஸ்டல், புதுக் கிறிஸ்டல் என்றால் ஒரு பட்டம். இருபது வருடமாக அந்தத் துறை இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் ஒரு குறையும் தோன்றவில்லை.

ஆனால் நம்முடைய ஊரில் ஆவியாகிற காரியம் அத்தனை சுலபமா? ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. காற்றிலேயே தண்ணீர் நிற்கும்போது பீக்கர்த் தண்ணீர் எங்கே போகும்? யாராவது பெஞ்சை இழுத்தால் அந்த அதிர்விலேயே ஒற்றைக் கிறிஸ்டலுக்குப் பதில் ஆயிரம் பொடிக் கிறிஸ்டல் விழுந்துவிடும். அதனால் ஆய்வகத்துக்குள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு, பிணம் கிடக்கிற வீட்டில் நடப்பதுபோல நடந்தார்கள். எறும்பு வேறு. எங்கிருந்துதான் மோப்பம் பிடித்து வருமோ, வளர்ந்த கிறிஸ்டலை மொய்த்துவிடும். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள். லித்தியம் உப்பு சேர்ந்த கிறிஸ்டலில் எறும்புக்கு என்ன ருசி என்று அன்றைக்கு ஒருவரும் கேட்டதில்லை. எறும்புக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று ஆன்ஸ்லின் பின்னால் நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய வழிகாட்டி நாராயணபெருமாள் சார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே கிடையாது. மாணவர்களைக் கடைக்கு அனுப்புகிற, கையெழுத்துக்கு அலைய விடுகிற ரகமில்லை. மழைக்காலத்தில் பீக்கர் மேசைமேல் குண்டு பல்ப் கட்டித் தொங்கவிடுவார், அதுவும் தன் வீட்டுப் பல்ப். கிறிஸ்டல் விழாத நாட்களில் ஆன்ஸ்லினின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மக்கா, போயி ஒரு சாயா குடிச்சிட்டு வா. நீ இப்பிடி உத்துப் பாத்தா அதுக்கு வெக்கம் வரும்" என்பார். அவர் ஓய்வு பெறுகிற வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரை விட்டால் அந்தத் துறையில் கிறிஸ்டல் வளர்க்கிற வழிகாட்டி வேறு யாருமில்லை. அவர் போவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

கடைசியில் ஒரு பங்குனி வெயிலில் கிறிஸ்டல் விழுந்தது. நகக்கண் அளவு, ஆறு பட்டை, தண்ணீர்போலத் தெளிவு. சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் லேசர் பாய்ச்சிப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் உள்ளே போய்ப் பச்சை வெளிச்சமாக வெளியே வந்தது. இந்த மாதிரிக் கிறிஸ்டலுக்கு அதுதான் வேண்டும். ஆன்ஸ்லின் அங்கேயே நின்று அழுதாள். சார் அதற்கு ஜி.எல்.பி. என்று பெயர் வைத்தார், கிளைசின் லித்தியம் புரோமைடு. கட்டுரை அச்சில் வந்தபோது அவள் பெயரை முதலில் போட்டு, தன் பெயரைக் கடைசியில் போட்டுக்கொண்டார்.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு ராஜபாய் ஒரு காரியம் செய்தாள். பண்டிகையன்று சபையார் தங்கள் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சக்கைப் பழம், கோழி, தேங்காய். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். சொந்தமாக ஒரு மரம்கூட இல்லாத ராஜபாய் வருடா வருடம் கடையில் வாங்கிய எதையாவது வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வருவாள். இந்த வருடம் மகளிடம் கேட்டாள்.

"ஒனக்க கிறிஸ்டல்ல ஒண்ணு தா. அதுதான் நம்ம வீட்டுக்க மொதப்பலன்."

"அம்மா, அத யாரு ஏலம் எடுப்பா? ஆளுக சிரிக்கும்."

"சிரிக்கட்டு. நான் ஜெபிச்சு வளந்தது."

மோதிரப் பெட்டியில் பஞ்சு வைத்து ஒரு கிறிஸ்டலை ராஜபாய் கொண்டுபோனாள். மீன் இல்லை என்று சபைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏலம் கேட்டார்கள், கேட்டார்கள், அப்படிக் கேட்டார்கள். கடைசியில் சந்திப்பில் ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கும் இஸ்ரவேல், பண்டிகையின் பெரிய ஏத்தன் குலையை மிஞ்சின விலைக்கு அதை எடுத்தார். கடையில் மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அட்டையில் எழுதியும் ஒட்டினார்: 'டாக்டர் ஆன்ஸ்லின் கண்டுபிடித்தது.' பட்டம் இன்னும் கிடைக்கவில்லை மாமா என்று ஆன்ஸ்லின் சொல்லிப் பார்த்தாள். "வரும் பிள்ளே, எதுக்கு ரெண்டுவாட்டி எழுதணும்?" என்றார். அன்றைய இரவு ராஜபாய் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் அத்தனை சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சுதன் வந்தான். கடியப்பட்டணத்துக்காரன், துறையில் அவளுக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவன். அவனுக்கு வேறொரு உப்பு, வேறொரு புதுக் கிறிஸ்டல். எக்ஸ்ரே அளவு எடுத்த தாள் அன்றுதான் அவனுக்கு வந்திருந்தது. கிறிஸ்டலுக்குள் அணுக்கள் ஒரு சின்னப் பெட்டி வடிவத்தில் அடுக்கியிருக்கும். அந்தப் பெட்டியேதான் திரும்பத் திரும்ப வந்து முழுக் கிறிஸ்டல் ஆகும். பெட்டியின் நீள அகலம் ஒவ்வொரு பொருளுக்கும் வேறு வேறு, மனிதனுக்குக் கைரேகை மாதிரி.

"அக்கா, இஞ்ச பாத்தியளா?" சுதனின் குரல் இறங்கியிருந்தது. "ஒங்களுக்க அளவும் எனக்க அளவும் ஒண்ணுபோல இருக்கு."

"அது எப்பிடி? நீ போட்டது வேற உப்பாக்கும்."

"அதான் நானும் கேக்கேன்."

ஆன்ஸ்லின் தன் அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒன்றுபோலத்தான் இருந்தது. அவள் அந்த எண்களைக் கட்டுரையில் போட்டாள், ஆய்வேட்டில் போட்டாள், ஆனால் எதோடும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. யாரும் பார்க்கச் சொன்னதுமில்லை. இப்போது வெறும் கிளைசினின் அளவைத் தேடி எடுத்தாள். கிளைசின் பல வடிவத்தில் வளரும், அதில் ஒரு வடிவத்துக்கு ஆறு பட்டை, அந்த வடிவம் லேசருக்குப் பச்சை வெளிச்சம் காட்டும். அதன் பெட்டியும் இவள் பெட்டியும் ஒன்று. அலமாரியில் இருந்த பழைய ஆய்வேடுகளைப் புரட்டினாள். சோடியம்காரியின் பெட்டியும் பொட்டாசியம்காரனின் பெட்டியும் அதே.

லித்தியம் இருந்தால் சுடர் சிவக்கும். இது பிளஸ் டூ பிள்ளைகள் செய்கிற சோதனை. ஆன்ஸ்லின் தன் கிறிஸ்டலிலிருந்து ஒரு சில்லை எடுத்து, நன்றாகக் கழுவித் துடைத்து, கம்பி நுனியில் வைத்து பர்னரில் காட்டினாள். சிவக்கவில்லை. சில்லு கறுத்தது, உருகியது, முடி கருகின நாற்றம் வந்தது. இன்னொன்றைக் காட்டினாள். அதுவும் கறுத்தது. உப்பு கிறிஸ்டலுக்குள் போகவே இல்லை. கிளைசினை இந்த வடிவத்துக்குத் தள்ளிவிட்டு, அது பாட்டுக்குத் தண்ணீரிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடம் பீக்கர் வைத்து, பல்ப் கட்டி, எறும்புக்குக் கிண்ணம் வைத்து, சபை முழுக்கக் கண்ணை மூடி ஜெபித்து வளர்த்தது கிளைசின். பொட்டலத்தில் வாங்கிக் கொட்டின அதே கிளைசின்.

"அக்கா, இத ஆருட்டயும் சொல்லாண்டாம்," என்றான் சுதன். "நீங்க குடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு இன்னும் காலம் கெடக்கு, நான் வேற என்னவாவது பாத்துக்கிடுவேன்."

"சாருட்ட சொல்லாம எப்பிடிலே?"

"சொன்னா சாருக்க கதி?"

சொல்லத்தான் போனாள். அதை நான் அவளுக்காகச் சொல்லியாக வேண்டும், அவள் சொல்லத்தான் போனாள். சார் தன் அறையில் பிரிவுபசார விழாவுக்கு எழுதிய பேச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு மரப்பெட்டி, உள்ளே பஞ்சு விரித்து, அவருடைய மாணவர்கள் இதுவரை வளர்த்த கிறிஸ்டல்கள் வரிசையாக இருந்தன. அவளுடையது கடைசியில்.

"வந்தியா மக்கா? இரி. இதக் கொஞ்சம் கேளு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "'நான் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் இந்தப் பூமியில் அதுவரை இல்லாத சில பொருட்களை, இந்தச் சின்ன ஊரில், என் பிள்ளைகள் உண்டாக்கினார்கள்.' இது கூடிப்போச்சோ? பெருமையடிக்க மாதிரி இருக்கா?"

ஆன்ஸ்லின் பெட்டியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல சாரே. நல்லா இருக்கு."

"நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல சாரே. முகப்புத் தாள்ல ஒரு கையெழுத்து வேணும்."

இரக்கத்தினால்தான் வாயை மூடினாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். இரக்கம் பாதிதான். பால் வெட்டி வெட்டி விரல் நிமிராமல் போன அம்மா, இஸ்ரவேல் கடை அட்டை, சபைக் கல்லூரியின் வேலை, இவை மறுபாதி. வெளியே வந்து படியில் நின்றபோது அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. மறுநாள் ஆய்வேட்டை அட்டை போடக் கொடுத்தாள்.

சார் ஓய்வு பெற்றார். பேச்சை வாசித்தார், கை தட்டினார்கள். ஆய்வேடு வெளியூர்த் தேர்வாளர்களுக்குப் போனது. சபையில் உபதேசியார் இப்போது கிறிஸ்டலை விட்டுவிட்டு ரிசல்ட்டுக்கு ஜெபித்தார். ஆன்ஸ்லின் பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொன்னாள். என்ன வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கண்டுபிடிக்காமல் இருக்கட்டும் என்று ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது? ஆனாலும் அதைத்தான் கேட்டாள்.

வேறு மாநிலத்துத் தேர்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அவர் ஆங்கிலத்தில், கோபமில்லாமல், சுருக்கமாக எழுதியிருந்தார். இது கிளைசின். இதில் லித்தியம் இல்லை. பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாது. ஒரு எளிய சுடர்ச் சோதனையே இதைக் காட்டியிருக்கும், ஆய்வாளரும் வழிகாட்டியும் அதைக்கூடச் செய்து பார்க்காதது வருத்தத்துக்குரியது. அலுவலகத்தில் நின்று அந்தக் கடைசி வரியை ஆன்ஸ்லின் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஆய்வாளர் செய்து பார்த்திருந்தாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது? புதுப் பொருள், புது வழிகாட்டி, மறுபடி முதலிலிருந்து என்றார்கள். பதிவுக் காலம் முடிகிறது என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். சபைக் கல்லூரி வேலைக்கு வேறு ஒருத்தி சேர்ந்துவிட்டதாகச் சுதன் சொன்னான்.

சார் போன் பண்ணிக் கூப்பிட்டார். ஒழுகினசேரியில் அவர் வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி ஓமனா. முகம் வாடியிருந்தது.

"நீ வந்தது நல்லதாச்சு பிள்ளே. ரெண்டு நாளாட்டு அடுப்புல நின்னு என்னத்தையோ கருக்கிட்டு இருக்காரு. வீடு முழுக்க முடி கருகின நாத்தம். கேட்டா பேசமாட்டேங்காரு."

அவர் சமையலறையில் இருந்தார். கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மரப்பெட்டி திறந்து கிடந்தது, பஞ்சில் குழிகள் மட்டும் இருந்தன. அடுப்பு மேடையில் கறுத்த பொட்டுகள்.

"எல்லாத்தையும் வச்சுப் பாத்தேன் மக்கா," என்றார். "சோடியம் மஞ்சளா எரியணும். கழுவிட்டு வச்சா எரியல்ல. பொட்டாசியம் ஊதாவாட்டு வரணும். வரல்ல. ஒனக்குள்ளதும் வரல்ல. எல்லாம் கிளைசின். ஒண்ணுகூட மிஞ்சல்ல."

ஆன்ஸ்லின் அடுப்பை அணைத்தாள்.

"ஒனக்குத் தெரியுமா? முன்னாலயே தெரியுமா?"

அவர் கேட்ட விதத்தில் கோபமில்லை. தெரியும் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்போல இருந்தது. தெரிந்தும் கொடுத்தாள் என்றால் பாரத்தில் பாதி அவளுக்குப் போய்விடும். இது அவளுக்கு அப்போது விளங்கவில்லை, பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது. அந்த நேரத்தில் பயம்தான் முன்னால் வந்தது.

"தெரியாது சாரே."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான்தான் ஒனக்க வாழ்க்கையக் கெடுத்துட்டேன்."

அவள் வாசலுக்கு நடந்தாள். எதைச் சொல்லி இல்லை என்பது? கேட் வரைக்கும் கூடவே வந்தார், செருப்புப் போடாமல், அடிமேல் அடி வைத்து, ஆய்வகத்தில் நடப்பதுபோல. "அம்மைட்ட நான் வந்து சொல்லட்டா?" என்று கேட்டார். "வேண்டாம் சாரே, நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி சந்திப்பில் வந்து இறங்கினாள். இஸ்ரவேல் கடை திறந்திருந்தது, ஷீட்டின் புளித்த வாசனை ரோடு வரைக்கும் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடப் பார்த்தாள்.

"டாக்டரே!" என்று கூப்பிட்டார். "ஒரு நிமிசம் இஞ்ச வா பிள்ளே."

போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிறிஸ்டல் மங்கிப் போயிருந்தது, ஈரக்காற்று பட்டு மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது.

"மாமா, இத எனக்குத் திருப்பித் தருவியளா?"

"அது மட்டும் கேக்காத. கர்த்தருக்க முற்றத்துல ஏலம் எடுத்த சாதனம். ஒனக்கு வேணும்னா வேற வளத்துக்கோ, ஒனக்குத்தான் வித்தை தெரியுமே." சிரித்துக்கொண்டே மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். "நான் கூப்பிட்டது வேற காரியத்துக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து நின்னு இது என்ன, இது என்னன்னு கேக்குதுவ. இதுக்க பேரு எனக்கு வாய்ல நிக்கமாட்டேங்கு. சரியான பேரச் சொல்லு, எழுதிப் போடுதேன்."

ஆன்ஸ்லின் அந்த மங்கின கிறிஸ்டலைப் பார்த்தாள்.

"கிளைசின்," என்றாள்.

"அவ்வளவுதானா? அண்ணைக்கு நீளமா என்னமோ சொன்னியே?"

"இல்ல மாமா. கிளைசின்தான். வேற ஒண்ணும் கெடையாது."

இஸ்ரவேல் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்து, தள்ளிப் பிடித்துப் பார்த்து, திருப்தியாகி, அவள் முன்னால் நீட்டினார்.

'கிளைசின். டாக்டர் ஆன்ஸ்லின் கண்டுபிடித்தது.'

"செரியா இருக்கா பிள்ளே?"

"செரியா இருக்கு மாமா," என்றாள் ஆன்ஸ்லின்.